கடல் கடந்த கடி

வெளிநாட்டுப் பயணத்தில் நாயோ குரங்கோ கடித்துவிட்டால் கவலைப்படத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கவலைக்கு ஒரு கணக்கு உண்டு. முடியும் தேதியும் உண்டு.

2019 பிப்ரவரியில் நார்வே நாட்டு இளம்பெண் ஒருவர் தோழிகளுடன் பிலிப்பைன்ஸுக்கு விடுமுறைக்குப் போனார். சாலையோரம் அநாதையாகத் திரிந்த நாய்க்குட்டி ஒன்றின் மீது இரக்கப்பட்டுத் தூக்கி வந்து குளிப்பாட்டினார். விளையாட்டில் குட்டியின் பல் விரலில் பட்டுக் கீறியது. தையல் போடும் அளவுக்குக் காயமில்லை. தடுப்பூசி போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஊர் திரும்பி வழக்கம்போல வேலைக்குப் போனார். மே மாதம் இறந்துபோனார். காரணம் ரேபிஸ். நார்வேயில் சுமார் 200 ஆண்டுகளாக எந்த மனிதரையும் கொல்லாத நோய்.

இது தனித்த சம்பவமல்ல. பிரிட்டனில் 2012ல் இறந்த ஒரு பெண்ணை இந்தியாவில் ஒரு நாய்க்குட்டி கடித்திருந்தது. 2018ல் இறந்தவரை மொராக்கோவில் கடித்தது பூனை. 2025ல் இறந்த பெண்ணுக்கு, அதே மொராக்கோவில், ஒரு நாயின் நகம் பட்ட கீறல்தான். சதையைப் பிய்த்தெடுக்கும் வெறிநாய் வாயில் நுரையுடன் துரத்தி வந்தால் யாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். உயிரைப் பறித்தவை பெரும்பாலும் சின்னக் காயங்கள்; பலியானவர்கள் பெரும்பாலும் கவலைப்படாதவர்கள்.

இதற்கு நேரெதிரான இன்னொரு கூட்டமும் இருக்கிறது. ஹோட்டல் வாசலில் படுத்திருந்த நாய் கால்சட்டையை முகர்ந்துவிட்டுப் போனதற்காக மாதக்கணக்கில் தூக்கமிழப்பவர்கள். ஐந்து ஊசிகளையும் முறையாகப் போட்டுக்கொண்ட பிறகும், தொண்டை கரகரத்தால் டம்ளரில் தண்ணீர் எடுத்து விழுங்கிச் சோதித்துப் பார்ப்பவர்கள். கவலைப்படாதவரின் அலட்சியத்துக்கும் கவலைப்படுபவரின் பீதிக்கும் காரணம் ஒன்றே: எதற்குப் பயப்பட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரியாதது.

எந்த ஊர், எந்த விலங்கு?

ரேபிஸ் பாலூட்டிகளின் நோய். புறா கொத்தினாலும் பல்லி விழுந்தாலும் மீன் கடித்தாலும் ரேபிஸ் வராது. எலி, அணில், முயல் கடித்து மனிதருக்கு ரேபிஸ் வருவது மிக மிக அபூர்வம். மனிதர்களிடையே ஏற்படும் ரேபிஸ் மரணங்களில் நூற்றுக்கு 99 நாயால் வருபவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பூனை, குரங்கு, நரி, கீரி, வௌவால் ஆகியவையும் பட்டியலில் உண்டு.

நாட்டுக்கு நாடு நிலவரம் வேறு. சிங்கப்பூரில் 1953க்குப் பிறகும் ஜப்பானில் 1957க்குப் பிறகும் உள்ளூர் நாய்களிடம் ரேபிஸ் இல்லை. பிரிட்டனும் நியூசிலாந்தும் அப்படியே. ஆனால் ஜப்பானிலும் மனிதர்கள் இந்நோயால் இறந்திருக்கிறார்கள்: 1970ல் நேபாளத்தில் கடிபட்டுத் திரும்பிய ஒருவர், 2006ல் இருவர், 2020ல் ஒருவர், மூவரும் பிலிப்பைன்ஸில் கடிபட்டவர்கள். ஆஸ்திரேலியாவில் நாய்களிடம் ரேபிஸ் இல்லை. ஆனால் அதன் நெருங்கிய உறவான ஒரு வைரஸ் அங்குள்ள வௌவால்களிடம் 1996ல் கண்டுபிடிக்கப்பட்டது. அமெரிக்காவில் உள்ளூரில் தொற்றும் ரேபிஸுக்கு முக்கியக் காரணம் வௌவால்தான். அதன் பல் குண்டூசி முனையளவு. தூங்குபவருக்குக் கடிபட்டதே தெரியாமல் போகலாம். எனவே, விழித்தெழும்போது அறைக்குள் வௌவால் இருந்தால் அங்குள்ள டாக்டர்கள் அதைக் கடியாகவே பாவிக்கிறார்கள்.

இந்தியர்கள் அதிகம் போகும் இடங்களையே எடுத்துக்கொள்வோம். இந்தோனேசியாவின் பாலித் தீவு 2008 வரை ரேபிஸ் இல்லாத இடம். அந்த ஆண்டு தீவின் தென்முனையில் நோய் நுழைந்தது. நோய் உள்ளுக்குள் வளர்ந்துகொண்டிருந்த நாய் ஒன்று படகில் வந்திறங்கியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் ஊகம். சில ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அதே பாலிக்கு 2023ல் ஆஸ்திரேலியர்களுக்கு அடுத்தபடியாக அதிகம் போனவர்கள் இந்தியர்கள். அங்கே உலுவாத்து கோயில் குரங்குகள் மூக்குக் கண்ணாடியைப் பறித்துக்கொண்டு, தின்பண்டம் கொடுத்தால்தான் திருப்பித் தரும். பேரம் படியாவிட்டால் பல் பேசும்.

நேபாளத்தில் பசுபதிநாதர் கோயிலுக்கும் சுயம்புநாத்துக்கும் போகும் யாத்ரீகர்களுக்கும் குரங்குகள் பழக்கம். மலேசியாவின் பத்துமலையில் 272 படி ஏறும் பக்தரின் கைப்பையில் வாழைப்பழம் இருப்பது அங்குள்ள குரங்குகளுக்கு முன்கூட்டியே தெரியும். ரேபிஸை ஒழித்துவிட்டதாக மலேசியா நிம்மதியடைந்திருந்த நேரத்தில், 2015ல் வடக்கு மாநிலங்களிலும் 2017ல் சரவாக்கிலும் நோய் மீண்டும் தலைகாட்டியது. பெரிய ஊர், சுத்தமான தெரு, நல்ல ஹோட்டல் என்பதெல்லாம் உத்தரவாதமில்லை.

மூன்று வகை

கடி நடந்தபின் பயணி முதலில் கேட்க வேண்டியது, "அந்த விலங்குக்கு வெறியா?" என்பதல்ல. அதை யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. நோய் வெளிப்படச் சில நாட்களுக்கு முன்பே எச்சிலில் வைரஸ் வந்துவிடும். அப்போது நாய் வாலாட்டிக்கொண்டுதான் இருக்கும். கேட்க வேண்டிய கேள்வி: "என் தோலுக்கு என்ன ஆயிற்று?"

உலக சுகாதார நிறுவனம் இதை மூன்றாகப் பிரிக்கிறது. தொட்டது, உணவூட்டியது, காயமில்லாத தோலை நக்கியது முதல் வகை. இதற்குச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். ஊசி வேண்டாம், கவலையும் வேண்டாம். மூடப்படாத தோலைப் பல்லால் கவ்வியது, ரத்தம் வராத சிறு கீறல் இரண்டாம் வகை. இதற்குத் தடுப்பூசி வேண்டும். தோலைத் துளைத்த கடி அல்லது கீறல், ஏற்கெனவே இருக்கும் புண்ணிலோ வாயிலோ கண்ணிலோ எச்சில் பட்டது, வௌவாலுடன் நேரடித் தொடர்பு ஆகியவை மூன்றாம் வகை. இதற்குத் தடுப்பூசியுடன் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தும் வேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. வெறி இருக்கலாம் என்று சந்தேகிக்கப்படும் விலங்குகளிடம் கடிபடுவோரில் நூற்றுக்கு 40 பேர் 15 வயதுக்குட்பட்டவர்கள். நாய்க்குட்டியுடன் விளையாடக் கூடாது என்று தடுக்கப்பட்ட குழந்தை, கீறல் பட்டதை வீட்டில் சொல்லாது. திட்டாமல் கேட்டால்தான் உண்மை வரும்.

குழாயடியில் 15 நிமிடம்

சிகிச்சையின் முதல் பகுதி ஆஸ்பத்திரியில் அல்ல, அருகிலுள்ள குழாயடியில் தொடங்குகிறது. சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். ரேபிஸ் வைரஸின் மேலுறை கொழுப்பாலானது. சோப்பு அதைக் கரைத்துவிடும். 15 நிமிடம் என்பது கடிகாரம் பார்த்து. பதற்றத்தில் இருப்பவருக்கு இரண்டு நிமிடமே பதினைந்தாகத் தோன்றும். பிறகு பொவிடோன் அயோடின் போன்ற கிருமிநாசினி போடலாம். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பிப்பொடி எதுவும் கூடாது. இறுக்கிக் கட்டக் கூடாது.

அடுத்தது ஊசி. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயம் இன்னும் பலரிடம் இருக்கிறது. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்தை இந்தியா 2005 வாக்கிலேயே கைவிட்டுவிட்டது. இன்றைய ஊசி கையின் மேல்பகுதியில் போடப்படுவது; சிறு குழந்தைகளுக்குத் தொடையில். தசையில் போடும் முறையில் 0, 3, 7, 14, 28 ஆகிய நாட்களில் ஐந்து தவணை என்பது பரவலான வழக்கம். முதல் ஊசி போடும் நாள்தான் பூஜ்ய நாள். தோலுக்குள் சிறிதளவே போடும் முறையும் உண்டு. மருந்து குறைவு, பலன் அதே. இந்த முறையை 1980களில் உருவாக்கியவர்கள் பாங்காக்கின் செஞ்சிலுவைச் சங்கத்தினர். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியவர்கள் எல்லோருக்கும் போடலாம். பத்தியம் எதுவுமில்லை.

தடுப்பூசியால் உடலில் எதிர்ப்புச் சக்தி உருவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அந்த இடைவெளியில் காவல் காப்பதுதான் இம்யூனோகுளோபுலின். உடல் எடைக்கேற்ப அளந்து, காயத்துக்குள்ளும் சுற்றியும் போடுவார்கள். முதல் தடுப்பூசியுடன் சேர்த்துப் போடுவது உத்தமம். அன்று கிடைக்காவிட்டால் ஏழு நாளுக்குள் போட்டுக்கொள்ளலாம். பயணிகள் தடுக்கி விழுவது இங்கேதான். தடுப்பூசி சிறு ஊர் கிளினிக்கிலும் கிடைக்கும். இம்யூனோகுளோபுலின் பல நாடுகளில் தலைநகரில்தான் கிடைக்கும். அமெரிக்கா போன்ற இடங்களில் இந்தச் சிகிச்சைக்கு ஆயிரக்கணக்கான டாலர் செலவாகும். பயணக் காப்பீட்டு அட்டையிலுள்ள தொலைபேசி எண்ணுக்கு உண்மையான வேலை வருவது அப்போதுதான்.

மருந்தைத் தேடிய பயணங்கள்

ரேபிஸ் தடுப்பூசியின் கதையே பயணத்தின் கதை. 1885 ஜூலை 6ஆம் தேதி பாரிஸில் லூயி பாஸ்டர் முதன்முதலாக ஊசி போடச் செய்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மெய்ஸ்டர், அப்போது ஜெர்மனியின் பிடியில் இருந்த அல்சாஸிலிருந்து எல்லை தாண்டி அழைத்து வரப்பட்டவன். கடிபட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. பிழைத்துக்கொண்டான். அடுத்த ஆண்டு ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்கிலிருந்து, வெறி பிடித்த ஓநாயிடம் கடிபட்ட 19 பேர் ரயிலேறி பாரிஸ் வந்தார்கள். அவர்களில் 16 பேர் உயிரோடு ஊர் திரும்பினார்கள்.

இந்தியாவில் கடிபட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களையும் ஒரு காலத்தில் கப்பலேற்றி பாரிஸுக்குத்தான் அனுப்பினார்கள். 1900ல் கசௌலியில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்ட பிறகே அந்த ஓட்டம் நின்றது. ஆனால் தென்னிந்தியாவுக்குக் கசௌலியும் தொலைதூரம்தான். 1902ல் தெற்கே ஓர் ஆங்கிலப் பெண்மணி ரேபிஸால் இறந்தது பெரும் அதிர்ச்சியானது. அதன் விளைவாக எழுந்ததே 1907ல் திறக்கப்பட்ட குன்னூர் பாஸ்டர் நிலையம். சயாமிலும் இதே கதை. இளவரசர் தம்ரோங்கின் மகள் நாய்க்கடியால் இறந்தாள். துயருற்ற தந்தை நிதி திரட்டினார். 1913ல் பாங்காக்கில் நிலையம் பிறந்தது. இன்று ராணி சவோபா நினைவு நிலையம் என்று பெயர். பாம்புப் பண்ணையைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் குவியும் அந்த வளாகத்தில்தான் விலங்குக்கடிக்கான கிளினிக்கும் இருக்கிறது.

அன்று மருந்து இருக்கும் ஊரைத் தேடி வாரக்கணக்கில் பயணம் செய்தார்கள். இன்று மருந்து பக்கத்துத் தெருவில் இருக்க, "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விமானம் ஏறிவிடுகிறார்கள்.

பத்து நாள் பிரச்சினை

உள்ளூரில் கடிபட்டவருக்குக் கிடைக்கும் ஒரு வசதி பயணிக்கு இல்லை. கடித்த நாயையோ பூனையையோ பத்து நாள் கண்காணிக்கலாம். கடித்த நேரத்தில் அதன் எச்சிலில் வைரஸ் இருந்திருந்தால், அதற்குள் நோய் வெளிப்பட்டு விலங்கு இறந்துவிடும். பத்தாம் நாளும் ஆரோக்கியமாக இருந்தால், கடித்த அன்று அதனால் ரேபிஸ் தொற்றியிருக்காது. மீதி ஊசிகளை நிறுத்திவிடலாம். இந்தக் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டுமே, குரங்குக்குச் செல்லாது. அதுவரை சிகிச்சையைத் தொடங்காமல் காத்திருக்கவும் கூடாது.

கடித்தது ஹோட்டல்காரர் வளர்க்கும் நாய் என்றால் அவரது தொலைபேசி எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு, பத்தாம் நாள் விசாரிப்பது எளிது. தெருநாய் என்றால் அது முடியாது. தொலைவிலுள்ள அந்த நாய் உயிரோடிருக்கிறதா என்று மனதுக்குள் விசாரணை நடத்திக்கொண்டிருப்பதில் பயனில்லை. நாயைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, ஊசித் தவணையை முடிப்பதே வழி.

இடையில் நாடு மாறினால்? பாலியில் இரண்டு ஊசி, பெங்களூரில் மூன்று ஊசி என்று பிரித்துப் போடலாம். வேறு கம்பெனி மருந்தானாலும், ஓரிடத்தில் தோலிலும் மற்றோரிடத்தில் தசையிலும் போட நேர்ந்தாலும், முதலிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதில்லை. ஒரு தவணை சில நாள் தள்ளிப்போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தேவை ஒரு காகிதம்: போட்ட தேதி, மருந்தின் பெயர், தொகுதி எண், போட்ட முறை, இம்யூனோகுளோபுலின் கொடுத்தார்களா என்ற விவரம். கடைசியாகச் சொன்னது முக்கியம். அது குறிக்கப்படாததால் ஏழு நாள் கெடு கடந்துபோகக் கூடும்.

எதுவுமே போடாமல் திரும்பி வந்து இரண்டு மாதம் கழித்து விழித்துக்கொண்டவர்? அவரும் போக வேண்டியது ஆஸ்பத்திரிக்குத்தான். நோய் வெளிப்பட வழக்கமாக இரண்டு மூன்று மாதம் ஆகும். ஒரு வாரத்திலும் வரலாம், ஓராண்டு கழித்தும் வரலாம். அறிகுறி தோன்றாதவரை தடுப்பூசிக்கு அர்த்தம் உண்டு. கடிபட்ட இடத்தில் குறுகுறுப்பு, ஜுரம், தண்ணீரைக் கண்டால் தொண்டை இறுகுதல் என்று தொடங்கிவிட்டால், எந்த நாட்டு டாக்டராலும் பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடியாது.

இந்தியர்களுக்கு இது அந்நிய நோயல்ல. ரேபிஸால் உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இறப்பதாக ஒரு மதிப்பீடு. இந்தியாவில் ஆண்டுக்கு 5,700க்கு மேற்பட்டோர் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு முடிவு. பழைய மதிப்பீடுகள் இதைவிடப் பல மடங்கு அதிகம். உலகுக்குத் தடுப்பூசி தயாரித்துத் தரும் நாடுகளில் ஒன்று இது. அரசு ஆஸ்பத்திரிகளில் ஊசி இலவசம். வெளிநாட்டில் தவறவிட்டவருக்கு உள்ளூரில் சாக்குச் சொல்ல இடமில்லை.

கவலை முடியும் நாள்

கழுவியாயிற்று, இம்யூனோகுளோபுலின் போட்டாயிற்று, தவணைகள் முடிந்தன. அதற்குப் பிறகும் பயம் போகாதவர்களுக்கு மருத்துவ உலகம் சொல்லும் பதில் எளிமையானது. முறையாக, காலத்தில் எடுத்துக்கொண்ட சிகிச்சை தோற்பது மிக மிக அபூர்வம். ஆரோக்கியமானவர்களுக்கு ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியை அளக்கும் பரிசோதனைகூடத் தேவையில்லை. அதற்குப் பின் வரும் தலைவலி வெறும் தலைவலி. தொண்டை வலி வெறும் தொண்டை வலி. பயமே தூக்கத்தையும் சாப்பாட்டையும் கெடுத்தால், அதற்கும் டாக்டரிடம் போகலாம். ஆறாவது ஊசி கேட்டு அல்ல, பயத்துக்கு மருந்து கேட்டு.

அடிக்கடி வெளிநாடு போகிறவர்கள், ஆஸ்பத்திரி எட்டாத இடங்களில் மலையேறுபவர்கள், விலங்குகளோடு வேலை செய்பவர்கள் ஆகியோருக்கு இன்னொரு வழி உண்டு: முன்கூட்டியே போடும் தடுப்பூசி. 2018ல் உலக சுகாதார நிறுவனம் இதை இரண்டே தடவையாக, பூஜ்யம் மற்றும் ஏழாம் நாளாகச் சுருக்கியது. இதைப் போட்டுக்கொண்டவரும் கடிபட்டால் ஊசி போடத்தான் வேண்டும். ஆனால் பூஜ்யம், மூன்றாம் நாள் என இரண்டு தவணை போதும்; எளிதில் கிடைக்காத இம்யூனோகுளோபுலினைத் தேடி அலைய வேண்டாம். ஏற்கெனவே ஒருமுறை கடிபட்டு முழுச் சிகிச்சை எடுத்தவர்களுக்கும் இந்தச் சலுகை உண்டு. பழைய ஊசிச் சீட்டைப் பாஸ்போர்ட்டுடன் வைத்திருப்பது நல்லது.

பயணம் கிளம்பும்போது வயிற்றுப்போக்குக்கு மாத்திரை, தலைவலிக்கு மாத்திரை என்று பை நிறைகிறது. அதில் ஒரு சோப்புக் கட்டிக்கும் இடமிருக்கட்டும். பையை மூடும்போது வீட்டிலுள்ள குழந்தையிடம் ஒரு வாக்கியம் சொல்லி வைக்கலாம்: அந்த ஊர் நாய்க்குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் எட்டி நின்று பார், தப்பித் தவறி அதன் பல்லோ நகமோ பட்டுவிட்டால் உடனே வந்து சொல், யாரும் திட்ட மாட்டோம்.